பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

"அக்கா, ஸ்பீக்கர் வந்து பத்து நாளாச்சு. இன்னும் வாயைத் திறக்க மாட்டேங்குது!"

தங்கை போனில் இப்படிப் புலம்பியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் வாழ்க்கைப்பட்டிருப்பது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். பெரிய மரம் வந்தால் விழுது வராமல் இருக்குமா? காருக்குக் கதவு, கைப்பிடி, திருகாணி என்று செய்து கொடுக்கும் கம்பெனிகள் அந்த வட்டாரம் முழுக்க முளைத்துவிட்டன. தங்கை வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. இரும்புத் தகட்டை மெஷினில் வைத்து 'டமார், டமார்' என்று அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்.

மாப்பிள்ளைக்குப் பாட்டு என்றால் உயிர். கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது ஒரு ஜோடி 'புக் ஷெல்ஃப்' ஸ்பீக்கரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு அடி உயரத்தில் இரண்டு மரப் பெட்டிகள். புத்தக அலமாரியில் அடங்குகிற அளவு என்பதால் அந்தப் பெயர். "புத்தகமே இல்லாத வீட்டுல புத்தக அலமாரி ஸ்பீக்கராம்!" என்று தங்கையின் மாமியார் கேலி செய்ததையும் சொல்லிச் சிரித்தாள்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் வரலாம் என்பதால் சொல்கிறேன். இப்போது கடைகளில் கரண்ட் வயரோடு வருகிற ஸ்பீக்கருக்கு உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும். போனில் தட்டினால் பாடும். ஆனால் பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகு மட்டும் இருந்தால், அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். டி.வி.யோ போனோ கொடுக்கும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை ஆட்டிவைக்கும் சக்தியைக் கொடுப்பது அதுதான். அது இல்லாத ஸ்பீக்கர், அடுப்பு இல்லாத வீட்டில் அரிசி மூட்டை.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

"அக்கா, சிநேகிதர் ஒருத்தர்கிட்ட சின்ன ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கி மாட்டியிருக்கார். பத்தலையாம். சத்தம் வரலையாம். முன்னாடி '5000 வாட்ஸ்'னு போட்ட ஒண்ணைக் கடையில பாத்துட்டு வந்துட்டார். பதினெட்டாயிரமாம். சீட்டுப் பணத்தை எடுக்கணும்ங்கறார். பெரியவளுக்கு ஜூன்ல ஃபீஸ் கட்டணுமே... நீ ஒரு நடை வந்து சொல்லேன்."

ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்றால், என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஊதுபத்தி வாசனையைவிட ஈயம் உருக்குகிற வாசனைதான் எங்கள் வீட்டில் ஜாஸ்தி. அவருக்குச் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் சாப்பிடுகிறவரை கல்லாவில் உட்கார்ந்தே நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சரி, பூந்தமல்லி வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று ஒரு வெள்ளிக்கிழமை மண்ணூர் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வேலையாக ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பொண்ணு பார்க்கப் போனால் குலம் கோத்திரம் விசாரிக்கிறோம் இல்லையா? ஆம்ப்ளிஃபயர் தேடுமுன் ஸ்பீக்கரின் ஜாதகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதில் மூன்றே விஷயங்கள்.

முதலாவது, ஓம்ஸ். மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை அது. 4, 6, 8 என்று இருக்கும். இங்கே 6 போட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கமும் '4 முதல் 8 ஓம்ஸ்', '6 ஓம்ஸுக்குக் குறையாமல்' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். ஸ்பீக்கரின் எண், அந்தக் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. ஓம்ஸ் குறையக் குறைய ஸ்பீக்கர் அதிகக் கரண்டை உறிஞ்சும். ஆம்ப்ளிஃபயர் சூடேறி அணைந்துபோகும், சமயத்தில் கருகியும் போகும். இன்னொன்று: ஒரே திருகில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டினால் 8-ம் 8-ம் 16 ஆகாது, 4 ஆகிவிடும்! ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று இழுக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டெசிபல். ஏறக்குறைய ஒரு வாட் சக்தி கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. இங்கே 86. அலமாரி ஸ்பீக்கர்களுக்கு இது சாதாரணமான அளவு. ஆடி மாசம் கூழ் வார்க்கும்போது வேப்பமரத்தில் கட்டுகிறார்களே குழாய் ஸ்பீக்கர், அதற்கு இந்த எண் நூறைத் தாண்டும். அதனால்தான் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்பிவிடுகிறது. அதற்கு நேர் எதிர், 1970-களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காகவே உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்கிற குட்டி ஸ்பீக்கர். ஒரு அடி உயரம்தான். குரலைத் துல்லியமாகக் காட்டுவதில் பேர்போனது. அதன் எண்ணோ 83-க்குப் பக்கம்தான். பெட்டி சின்னது, தீனி ஜாஸ்தி! ஸ்பீக்கரின் உருவத்தைப் பார்த்து ஆம்ப்ளிஃபயரைத் தீர்மானிக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, வாட்ஸ். '20 முதல் 100 வாட்ஸ் வரை' என்று அந்தச் சீட்டில் இருந்தது. இந்த எல்லைக்குள் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் போதும் என்று ஸ்பீக்கர் செய்தவரே சொல்லிவிட்டார். இதில் நம்முடைய அபிப்பிராயத்துக்கே இடமில்லை.

"அப்படின்னா 5000 வாட்ஸ்னு போட்டிருக்கானே, அது என்னக்கா?" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் வாடிப்போய்.

"அது விளம்பர வாட்ஸ் மாப்பிள்ளை. 'பி.எம்.பி.ஓ.'ன்னு பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. கண் சிமிட்டற நேரத்துக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும்னு ஒரு கற்பனைக் கணக்கு. நீங்க பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். தொடர்ந்து கொடுக்கிற சக்தி. அதுவும் எத்தனை ஓம்ஸ்ல, ரெண்டு பக்கமும் சேர்ந்து பாடும்போது எவ்வளவுன்னு கேக்கணும்."

பொய் வாட்ஸைக் கண்டுபிடிக்க என் வீட்டுக்காரர் சொல்லித் தந்த உபாயம் ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம், கரண்ட் வயர் நுழைகிற இடத்தில் அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று போட்டிருக்கும். இழுப்பதே 100 வாட்ஸ் என்றால் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் எப்படிக் கொடுக்கும்? ஒரு படி அரிசியில் ஊருக்கே விருந்து வைக்க முடியுமா? அடாப்டரோடு வருகிற சின்ன ஆம்ப்ளிஃபயராக இருந்தால் இன்னும் சுலபம். அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்.

இரவல் ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் '300 + 300' என்று பளபளத்தது. அடாப்டரைப் பார்த்தால் 24 வோல்ட், 3 ஆம்பியர். பெரியவளையே பெருக்கச் சொன்னேன். "எழுபத்திரண்டு பெரியம்மா!" என்றாள். அறுநூறு எங்கே, எழுபத்திரண்டு எங்கே! அதிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் ஏழு அடிகூட இல்லை. 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, ஆளுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே நாற்காலியில் 83 டெசிபல் போல வந்து விழும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60. ரசித்துப் பாட்டுக் கேட்க 70 தாராளம். அதற்கு ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு போதும்! தவிலடியோ, சிம்பல் ஒலியோ திடீரென்று 20 டெசிபல் மேலே எகிறினால்கூட ஐந்து வாட்ஸுக்குள் அடங்கிவிடும். அப்படியிருக்க, எழுபத்திரண்டு வாட்ஸ் அடாப்டர் இந்த ஹாலுக்கு எப்படிப் பற்றாமல் போகும்?

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அதற்குப் பதில் கிடைத்தது.

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார் மாப்பிள்ளை. கை கால் கழுவிக்கொண்டு நேரே ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனார். வால்யூம் குமிழ் முக்கால்வாசிக்கு மேலே. ட்ரெபிள் குமிழ் கடைசி வரைக்கும். பாட்டு கரகரவென்று கிழிகிறது. சின்னது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பாட்டியிடம் ஓடுகிறது. மாப்பிள்ளையோ, "பாத்தீங்களாக்கா? வார்த்தையே புரியலை. மந்தமா இருக்கு. இதுக்குத்தான் பெரிசு வேணும்ங்கறேன்" என்கிறார்.

போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று இருக்கிறது. துல்லியம் என்று சொல்ல முடியாது, உத்தேசத்துக்கு உதவும். அதை நாற்காலியில் வைத்தேன். 88, 90 என்று முள் ஆடியது. பக்கத்து வீட்டில் இராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் சுவரைத் தட்டினார்கள். நடுவில் ஒரே சுவர். பாவம், அவர்களுக்கு அதுதான் இராத்திரி! குடியிருக்கும் இடங்களில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் வருஷத்து விதி எல்லை போட்டிருக்கிறது. பகலில் தூங்குகிறவர்களைப் பற்றி எந்த விதியும் யோசிப்பதில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும்.

இந்தக் கரகரப்பு என்ன என்று கேட்பீர்கள். சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால், பாட்டின் அலையைத் தலையும் காலும் வெட்டி அனுப்பும். மெக்கானிக்குகள் 'கிளிப்பிங்' என்பார்கள். அந்த வெட்டுப்பட்ட ஒலி, மேல்ஸ்தாயி பாடுகிற சின்ன ட்வீட்டரைச் சுட்டுக் கருக்கிவிடும். நிதானமாகப் பாடுகிற 50 வாட்ஸைவிட மூச்சுமுட்டக் கத்துகிற 20 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு ஆபத்து. அதனால் கொஞ்சம் தாராளமான ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் இங்கே பிரச்சினை அது இல்லை என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அன்று இரவு மாப்பிள்ளை பாட்டுப் போடவில்லை. அசதி. சீக்கிரமே தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவு. காலையில் காப்பி குடித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். போட்ட வேகத்தில் திடுக்கிட்டுப் போய்க் குமிழைத் திருப்பினார்.

"யாரு இவ்ளோ சத்தமா வச்சது?"

வீட்டில் யாரும் பேசவில்லை. அவர் சனிக்கிழமை வைத்த இடத்திலேயேதான் குமிழ் இருந்தது.

தங்கையின் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தேன். "என்னக்கா?" என்றாள். "பேசாம இரு" என்று சொல்லி, மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌகரியமாக வைத்துக்கொண்ட இடத்துக்கு நேராக, ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் அந்தப் பொட்டை ஒட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தார். அதே பாட்டு. "மாப்பிள்ளை, பொட்டைப் பார்க்காம, உங்களுக்கு வேண்டிய அளவுக்கு வையுங்க" என்றேன். வைத்தார். பொட்டைத் தாண்டி ஒரு விரற்கடை!

"ஆம்ப்ளிஃபயர் அதேதான். பாட்டும் அதேதான். நாற்காலியைக்கூட நகர்த்தலை. நேத்துக்கும் இன்னிக்கும் மாறினது எது மாப்பிள்ளை?"

அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா காதுக்குள்ள 'கொய்ய்'ங்கும்க்கா. ராத்திரி படுத்து எழுந்தா சரியாயிடும். எல்லாருக்கும் இருக்கறதுதானே?" என்றார்.

"காதுல அடைப்பான் தர்றதில்லையா?"

"தர்றாங்க. வேர்வையில நசநசங்குது. கூப்பிட்டா கேக்காது. அதான் கழுத்துலயே தொங்கவிட்டுக்கறது."

சகோதரிகளே, இதை நிதானமாகப் படியுங்கள். நம் வீட்டு ஆண்கள் மட்டுமில்லை, இன்று பெண்களும்தான் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். நம் உள்காதில் ஒலியை உணர்கிற நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓயாத பெருஞ்சத்தத்தில் அவை துவண்டுபோகும். ஓய்வு கொடுத்தால் ஆரம்பத்தில் நிமிர்ந்துகொள்ளும். அதனால்தான் திங்கள் சாயங்காலம் மந்தமாக இருக்கிற காது, ஞாயிறு காலையில் தெளிகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் செல்கள் மடிந்துவிடும். நகம்போலவோ முடிபோலவோ அவை மறுபடி வளருவதில்லை. முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல்ஸ்தாயி ஒலிகள். பேச்சில் ச, த, ப, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதே அந்த ஒலிகள்தான். 'கேக்குது, ஆனா புரியலை' என்பது அதன் அடையாளம். ட்ரெபிள் குமிழ் கடைசி வரை போனதன் ரகசியம் இதுதான்!

உலக சுகாதார நிறுவனம் காதுக்கு ஒரு வாரக் கணக்குச் சொல்கிறது, ரேஷன் மாதிரி. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 என்றால் 4 மணி நேரம்தான்! பிரஸ் ஷாப்பில் 90-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். அடைப்பான் போடாமல் நிற்கிறவருக்கு வார ரேஷன் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து 5000 வாட்ஸா?

நான் சொல்லச் சொல்லத் தங்கை கண் கலங்கிவிட்டாள். "நான் அடுப்படியிலேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டார். வேணும்னே பண்றார்னு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்..." என்றாள்.

இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. அந்த வாரமே லீவு போட்டுக் கூட்டிப் போனாள். சத்தமில்லாத அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, மெல்லிய ஒலிகளைக் கேட்க வைத்துக் கோடு போடுகிற பரிசோதனை. 'ஆடியோகிராம்' என்கிறார்கள். இதற்குப் போகுமுன் ஒரு நாளாவது பெருஞ்சத்தம் இல்லாமல் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போவது நல்லது. மாப்பிள்ளையின் கோட்டில் 4000-க்கு நேராக இரண்டு காதிலும் பள்ளம். "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாராம். வயசு முப்பத்தாறு. சத்தத்தால் வரும் செவிக் குறைவு, தொழிலால் வரும் நோய்கள் என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் இருக்கிறது. ஆகவே சங்கோஜப்பட்டு மறைக்க இதில் ஒன்றுமே இல்லை. பரிசோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, கம்பெனியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். மெத்தென்ற நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பொருத்துகிற முறையையும் நர்ஸே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

சரி, ஆம்ப்ளிஃபயர் வாங்கினார்களா என்று கேட்கிறீர்கள்தானே? வாங்காமல் விடுவாரா! காது கொஞ்சம் குறைந்தால் பாட்டையே விட்டுவிட வேண்டும் என்று யார் சொன்னது? சென்னை ரிச்சி தெருவுக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் 100 வாட்ஸையே தள்ளப் பார்த்தார். 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் தெரியும். சத்தம் இரட்டிப்பாகக் காதில் பட வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் கடைக்காரர், "அம்மா லைன்ல இருந்தவங்களா?" என்று சிரித்துவிட்டு வேறு பெட்டியை எடுத்தார்.

கடைசியில் எடுத்தது, 8 ஓம்ஸில் பக்கத்துக்கு 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கொடுக்கிற, 4 ஓம்ஸ் வரை தாங்குகிற ஒன்று. 'கிளாஸ் டி' ரகம். பழைய ரகங்களைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும், சூடும் குறைவு. மண்ணூர் வெயிலுக்கு அது முக்கியம். டி.வி.யிலிருந்து வருகிற 'ஆப்டிகல்' ஒயரை மாட்ட இடம், போனுக்கு ப்ளூடூத், பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் குமிழ்கள். வீட்டில் ரிக்கார்டு பிளேயர் இருக்கிறவர்கள் 'போனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்னொரு சின்னப் பெட்டிக்குத் தண்டம் அழ வேண்டும். பதினெட்டாயிரத்தில் பாதிகூட ஆகவில்லை. சீட்டுப் பணம் ஜூன் மாசத்துக்குப் பத்திரம்.

கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் எந்தப் பாட்டைப் போடுவது? உங்களுக்கு நெட்டுருவான பாட்டையே போடுங்கள். 1978-இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அந்த மாதிரிப் பாட்டில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து, குரல் நடுவில் நிற்க வேண்டும். அதற்கும் முந்தைய மோனோ பாட்டுகள் இரண்டு பெட்டி வைத்தாலும் நடுவிலிருந்துதான் வரும். அதற்காக ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டில் மாட்டும்போது கரண்டை அணைத்துவிட்டு மாட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் கனமான ஒலி காணாமல் போய், பாட்டு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்துத் திருகைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து. நன்றாக முறுக்கிவிட்டு மாட்டுங்கள். நாலைந்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங்குக்குப் போடுகிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். விலை உயர்ந்த ஒயர் வேண்டாம். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோவின் மேல் வைக்காதீர்கள், பீரோவும் சேர்ந்து பாடும்! அடியில் ரப்பர்த் துண்டு வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி. ஆம்ப்ளிஃபயரின் மேல் நாம் ஆசையாகப் போட்ட குரோஷா விரிப்பை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அதற்கும் மூச்சு விட வேண்டும். நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

கடைக்குப் போகுமுன் முந்தானையில் முடிந்துகொள்ள:

ஸ்பீக்கரின் பின்சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்பீக்கரின் ஓம்ஸ், ஆம்ப்ளிஃபயர் கேட்கும் குறைந்தபட்ச ஓம்ஸுக்குக் கீழே போகக் கூடாது.

ஆர்.எம்.எஸ். வாட்ஸை மட்டும் நம்புங்கள். மின்சாரம் இழுக்கும் அளவோடு ஒத்துப் பாருங்கள். அடாப்டர் என்றால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள்.

சின்ன ஹாலுக்கும் அலமாரி ஸ்பீக்கருக்கும் பக்கத்துக்கு 30 முதல் 50 நிஜ வாட்ஸ் தாராளம். விரலுக்குத் தகுந்த வீக்கம்!

வீட்டில் ஒருவர் மட்டும் 'பத்தலை, பத்தலை' என்றால், ஆம்ப்ளிஃபயரை மாற்றுமுன் அவர் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

போன வாரம் தங்கை பேசினாள். புது ஆம்ப்ளிஃபயரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு பொட்டு ஒட்டி வைத்திருந்தாள். "ட்ரெபிள் கொஞ்சம் ஏத்திதான் வைக்கிறார்க்கா, அது இனிமே அப்படித்தானாமே" என்றாள். பிறகு சொன்னாள்: "தூசி துடைக்கறப்போ பொட்டு விழுந்துடுச்சு. நான் கவனிக்கலை. கண்ணாடிப் பக்கம் போய் என் அட்டையிலேருந்து ஒண்ணை உரிச்சு, அவரே அதே இடத்துல ஒட்டிட்டு வந்து உக்காந்தார்."

அடுத்த இதழில், கோடை வருமுன் ஃப்ரிட்ஜின் ரப்பர் பட்டையைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசுவோம்.